கிணற்றுக்கும் அயினிக்கும் நடுவில்

1

நம் நிழல்தாங்கலின் திருநாள் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். கனடா வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள், பனியைப் பற்றி எழுதுங்கள், ஊரில் உள்ளவர்கள் ஆசையாக வாசிப்பார்கள் என்றார்கள். பனியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விழும். வழித்துப் போடுவார்கள். மறுபடியும் விழும். அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் வேண்டும், எனக்கு அவசரமும் கிடையாது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எழுதியதை மாற்ற வேண்டாம்.

இந்தக் கார்த்திகையில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாதம் அது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்தோம். என் மகன் சுயம்பு, மருமகள் லதா, பேத்தி மித்ரா, நான். கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. மித்ராவுக்குப் பதினைந்து வயது. அவள் கூட்டாளிகள் எல்லாம் மெக்சிகோ பக்கம் ஏதோ கடற்கரைக்குப் போகிறார்களாம்.

"வெயில் வேணும், கடல் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"வெயிலும் கடலும்தானே? நம்ம கன்னியாகுமரியில இல்லாத வெயிலா, இல்லாத கடலா?" என்றான் சுயம்பு.

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்துவிட்டேன். ஊருக்குப் போக வேண்டும் என்று நான் ஒருபோதும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. அவனாகச் சொன்னான்.

லதா திருவட்டாறுக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேச்சில் பாதி மலையாளம் கலக்கும். "எனிக்கும் ஒரு மாற்றம் வேணும் மாமி. இந்தத் தணுப்புல கிடந்து மடுத்துப் போச்சு" என்றாள். குளிரில் கிடந்து சலித்துவிட்டதாம்.

அன்றைக்கு நான் இன்னொரு பிடி சோறு அதிகம் தின்றேன்.

2

நடந்ததைச் சொல்லும் முன்னால் இங்கே என் பெயர் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும்.

ஊரில் நான் பொன்னுகனி. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. இங்கே வருவதற்குக் காகிதம் எழுதியபோது இரண்டு பெயர் வேண்டும் என்றார்கள். ஒன்று சொந்தப் பெயர், மற்றது குடும்பப் பெயர். குடும்பத்துக்கு எங்கே தனியாகப் பெயர்? பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தோம், மாட்டுக்கு வைத்தோம், குடும்பத்துக்கு யார் வைத்தார்கள்? சுயம்பு தன் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டான்.

இங்கே எந்த ஆபீசிலும் அந்த இரண்டாவது பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கண் டாக்டரிடம், ரத்தம் எடுக்கும் இடத்தில், முதியோர் பஸ் சீட்டு வாங்கப் போன இடத்தில். முதல் தடவை ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் அட்டையை வைத்துக்கொண்டு அவர் பெயரை இரண்டாக உடைத்துச் சத்தமாக விளித்தாள். நான் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தேன். அவர்தான் வருகிறாரோ என்று. லதா என் முதுகைத் தொட்டு, "மாமி, உங்களத்தான் விளிக்காவ. எழும்புங்க" என்றாள்.

நாற்பத்து மூன்று வருஷம் அவரோடு வாழ்ந்தேன். ஒரு நாளும் அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. 'சுயம்புக்க அப்பா' என்பேன். சுயம்பு பிறப்பதற்கு முன் 'இஞ்ச பாருங்க' என்பேன். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்லித் தருவாள். அது மரியாதை மட்டும் இல்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மை சொல்லியிருந்தாள். நான் சொல்லாமல் இருந்தும் அவர் போனார். அதற்கப்புறமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை. ஊரில் உங்களுக்குத் தெரியும்.

3

மலரை மற்ற மதத்துக்காரரும் வாங்குவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அய்யாவழி, நிழல்தாங்கல் நாங்கள் கூடிக் கும்பிடும் இடம். எங்களில் செத்தவரைச் சுடுவதில்லை. பெட்டியில் கிடத்துவதும் இல்லை. சம்மணம் கூட்டி இருத்தி, முகம் வடக்கே பார்க்க வைத்து, நெற்றியில் நாமமிட்டு, சுற்றிலும் மண்ணிட்டு அடக்குவோம். தர்மயுகம் பிறக்கும்போது எழும்ப வேண்டியவர்கள் படுத்துக் கிடக்கலாகாது.

சுசீந்திரத்துக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டி எங்கள் விளை. தென்னையும் ஏத்தன் வாழையும் நின்ற இடம். நடுவில் அவர் ஆள் வைத்து வெட்டிய கிணறு. வடக்கோரம் ஒரு பெரிய அயினி மரம். உச்சிவெயிலுக்கு அதன் மூட்டில்தான் துண்டை விரித்துப் படுப்பார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் போனபோது கிணற்றுக்கும் அயினிக்கும் நடுவில் இருத்தினோம். அவருக்கு மேற்கே எனக்கு இடம் விடச் சொன்னேன். என் கொழுந்தன் செல்லத்துரை அங்கே அடையாளத்துக்கு ஒரு செவ்வரளிக் கம்பு நட்டான். "மைனி, இது உங்களுக்கு. மூணு தலைமொறைக்கு ஒருத்தனும் தொட மாட்டான்" என்றான்.

அதன்பிறகுதான் நான் மகனோடு இங்கே வந்தேன். அரளி அங்கே நிற்கிறது என்ற தைரியத்தில் வந்தேன்.

இங்கே எங்கள் வீட்டிலிருந்து டாக்டரிடம் நடந்து போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. போன வருஷம் ஒரு நாள் வாசலில் ஓர் ஆள் பனி தள்ளிக்கொண்டிருந்தான். "இங்க இருத்தி வைப்பாங்களான்னு அந்த ஆளுட்ட கேளு" என்றேன் லதாவிடம்.

"அய்யோ மாமி, இத எப்படி நான் பறைய?"

"நர்சுதானே நீ? செத்தவங்களப் பத்திப் பேச உனக்கு வெக்கமா?"

கேட்டாள். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னான். பெட்டி கட்டாயம். கிடத்தித்தான் வைக்க முடியும். வரிசை எப்படிப் போகிறதோ அப்படித்தான் முகமும். வரிசை எந்தத் திசை என்று கேட்கச் சொன்னேன். அவன் வானத்தைப் பார்த்தான். சூரியன் இல்லை. உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்து, கிழக்கு மேற்காக இருக்கலாம் என்றான்.

வரும் வழியில் லதாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணு ஆச்சுண்ணா என்ன ஊர்ல கொண்டு சேக்கணும். இவனுவ பெட்டியில பொட்டலம் கட்டி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்." அவள் தலையாட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினாள். தணுப்புக்கு அப்படித் திரும்புகிறாள் என்று நினைத்தேன்.

4

பயண ஏற்பாடு தொடங்கியது. இங்கே லீவு போவதென்றால் போவதை விட ஏற்பாடுதான் பெரிய வேலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் அதே பேச்சு. டொராண்டோவில் ஏறி, கத்தாரில் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்குவது. அங்கிருந்து வண்டி. கன்னியாகுமரியில் கடல் பார்த்த அறை ஐந்து நாள். அப்புறம் லதாவின் வீட்டுக்குத் திருவட்டாறு. அப்புறம் திரும்புவது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னியாகுமரியில் லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவது வடக்கத்திக்காரர்களும் மாலை போட்ட சாமிமார்களும்தான். நாங்கள் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

"அஞ்சு நாளும் கடலயே பாத்துட்டு இருக்கவா போறோம்?" என்றேன்.

"மித்ராவுக்கு ஆசைம்மா."

"அவளுக்கு ஆசை சரி. விளைக்கு என்னைக்குப் போறோம்?"

"பார்ப்போம்மா. முதல்ல ரூம் கிடைக்கட்டு. அய்யப்பன் சீசன், எல்லாம் நிறைஞ்சு கிடக்கு."

அறை கிடைத்தது. மித்ரா படத்தைக் காட்டினாள். ஜன்னல் முழுக்கக் கடல். கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி முறுக்கி வைத்திருந்தார்கள். "அது எதுக்குட்டி?" என்றேன். "சும்மா ஆச்சி, அழகுக்கு" என்றாள். துடைக்கிற துண்டுக்கு என்ன அழகு.

மறுநாள் மறுபடி கேட்டேன். "விளைக்கு?"

"பார்ப்போம்மா."

சுயம்பு சின்ன வயதில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பிள்ளை. அடி விழும் என்று தெரிந்தாலும் சொல்லிவிடுவான். அவன் 'பார்ப்போம்' என்பது எனக்குப் புதிது. இங்கே வந்து படித்த பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். இங்கே யாரும் நேராக 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள், கடுதாசி வரும், அதில் இல்லை என்று இருக்கும்.

ஒரு சாயங்காலம் லாட்ஜ்காரரே போனில் வந்தார். சுயம்பு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தான். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க சார். ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டி வரும். முன்ன மாதிரி மார்த்தாண்டம், தக்கலன்னு எறும்பு மாதிரி ஊர வேண்டாம். இப்பம் நாலுவழிச் சாலை வந்தாச்சுல்லா? அப்பிடியே விளை, வயலு, குளம் எல்லாத்துக்கும் மேல ஒரே பறப்பு. சுசீந்திரம் பக்கம் வந்தா…"

சுயம்பு போனைச் சட்டென்று எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். லதா அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிண்டினாள். நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தட்டவில்லை. சாலை எங்கே போனால் நமக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கு நாமமிட்டு, எங்கள் முறைப்படி கண்ணாடி முன் விளக்குப் பொருத்திக் கும்பிட்டுவிட்டு வந்தேன். சுயம்புவும் லதாவும் கடைக்குப் போயிருந்தார்கள். மித்ரா சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, இங்க வா. நான் கொடி வச்சிருக்கேன்."

போனில் நம் ஊர்ப் படம். வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி. போக வேண்டிய இடத்துக்கெல்லாம் சின்னச் சின்னப் பச்சைக் கொடி நட்டிருந்தாள். லாட்ஜுக்கு ஒன்று. படகேறும் இடத்துக்கு ஒன்று. சூரியன் மறைவது பார்க்க ஒன்று. திருவட்டாறில் லதாவின் வீட்டுக்கு ஒன்று. பெரிய கோயிலுக்கு ஒன்று.

"நம்ம விளைக்கு ஏன் வைக்கல?"

"அட்ரஸ் தெரியாதே. அப்பாவைக் கேட்டேன், அப்புறம்னு சொன்னாங்க."

"அட்ரஸ் எதுக்கு? சுசீந்திரம் கோயிலக் காட்டு. நான் வழி சொல்லுகேன்."

காட்டினாள். கோபுரம் மேலிருந்து பார்க்கத் தீப்பெட்டி மாதிரி இருந்தது. தெப்பக்குளம் தெரிந்தது. குளத்திலிருந்து மேற்கே போகச் சொன்னேன். வாய்க்கால் வந்தது. வாய்க்காலோடு போகச் சொன்னேன். தாங்கலின் வெள்ளைக் கூரை வந்தது. தென்னைகளை மேலிருந்து பார்த்தால் தரையில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. அது எனக்கு அதுவரை தெரியாது.

"இன்னும் கொஞ்சம். பைய… பைய. இங்கதான்."

அவள் விரலை எடுத்தாள். அங்கே சாம்பல் நிறத்தில் அகலமாக ஒரு பட்டை. இரண்டு பக்கமும் செம்மண் மேடு. நடுவில் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறும்பு மாதிரி வண்டிகள்.

"வழி தப்பிட்டு. திரும்பக் குளத்திலேர்ந்து வா."

திரும்ப வந்தாள். குளம், வாய்க்கால், வெள்ளைக் கூரை, நட்சத்திரங்கள், சாம்பல் பட்டை.

மூன்றாம் தடவை நான் சொல்லாமலே அவள் குளத்துக்குப் போனாள். அப்போதுதான் கிணற்றைப் பார்த்தேன். செம்மண் மேட்டின் அடியில், ஓரமாக, வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. எங்கள் கிணறுதான். அதன் கிழக்குப் பக்கச் சுவர் இடிந்து விழுந்தபோது அவர் சதுரக் கல் வைத்துக் கட்டினார். வட்டத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் நேராக இருக்கும். படத்திலும் நேராக இருந்தது. கிணற்றுக்கு வடக்கே அயினி நின்ற இடம் வரைக்கும் சாலைதான்.

"ஆச்சி, பாட்டா இங்கயா?" என்றாள் மித்ரா.

தலையாட்டினேன்.

"உக்காந்துதான் இருக்காரா? இப்பவுமா?"

"இப்பவும்தான் மக்கா."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மன்னிப்பு மாதிரி ஒரு சொல். அவள் எதற்குச் சொல்ல வேண்டும்.

இங்கே வந்த இரண்டாம் வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தபோது விளையில் மஞ்சள் பூசிய குத்துக்கல் ஒன்று நின்றது. எதற்கு என்று கேட்டேன். அளவுக்கல் மைனி, எல்லா இடத்திலும் நட்டிருக்கிறார்கள் என்றான் செல்லத்துரை. அவரைக் கும்பிடப் போகும்போது அந்தக் கல்லின் மூட்டில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டேன்.

6

கடைக்குப் போனவர்கள் வந்தார்கள். சுயம்பு பனிச் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கேட்டேன்.

"எப்பம்ல நடந்து இது?"

எது என்று அவன் கேட்கவில்லை. மகளைப் பார்த்தான், அவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தான். ஒற்றைக் காலில் செருப்போடு அப்படியே படியில் இருந்துவிட்டான்.

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"யாருட்ட கேட்டு?"

"எடுக்கணும்னா எடுப்பாங்கம்மா. நம்மட்ட கேக்க மாட்டாங்க. அந்த வரிசையில எல்லாருக்க விளையும் போச்சு."

"விளையக் கேக்கல. மனுஷனக் கேக்கேன்."

அவன் குனிந்துகொண்டே பேசினான். "சித்தப்பா போன் பண்ணினாரு. மேல மண்ணடிக்கப் போறாங்க, அதுக்கு முன்ன தோண்டி எடுத்து வேற இடத்தில இருத்தணுமா, இல்ல அப்பிடியே விடணுமா, இன்னைக்கே சொல்லுன்னாரு. நாலு வருஷம் மண்ணுல இருந்தவர எப்பிடிம்மா எழுப்புறது? எழுப்பினா இருந்த மாதிரி வருவாரா? விட்டுருங்கன்னு சொன்னேன்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

"நான் உன்னப் பெத்தவ. எனக்கு எம்புட்டுத் தாங்கும்னு நீ அளக்கியா?"

அவன் அழுதான். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, பனி உருகி நனைந்த கால்சட்டையோடு. லதா வந்து, "மாமி, நான்தான் பறயண்டாம்னு சொன்னேன். உங்க பிரஷர் அப்பம் கூடிக் கிடந்து" என்றாள். ஆக அவளுக்கும் தெரியும். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவள் முகத்தைத் திருப்பியது தணுப்புக்கு இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுப்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இருத்தியவரை எழுப்ப நமக்கு உரிமை கிடையாது. அவன் சொன்னதில் பிழையில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். நாற்பத்து மூன்று வருஷம் கூட இருந்தவள் நான்.

செல்லத்துரையைப் போனில் கூப்பிடச் சொன்னேன். ஊரில் அப்போது ராத்திரி. ஒவ்வொரு ஞாயிறும் அவனிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான். விளையில் விளக்கு வைத்தாயா? அவன் சொல்வதும் ஒரே பதில்தான். வச்சாச்சு மைனி. இரண்டு வருஷமாக அதே பதில்.

"செல்லத்துரை, இன்னைக்கு விளக்கு வச்சியா?"

"வச்சாச்சு மைனி."

"எங்க வச்ச?"

அவன் பின்னால் தெருவில் ஒரு நாய் குரைத்தது எனக்குக் கேட்டது.

"சுயம்பு சொல்லிட்டானா?"

"நானா பாத்தேன்."

"மைனி, நான் பொய் பறயல கேட்டியளா. கிணத்துச் சுவரு மேல வைக்கேன். ரோட்டுக்கு மேல வைக்க முடியாதுல்லா? லாரி போற காத்துல அது நிக்காது. பொருத்திட்டுத் திரும்பிருவேன். அணைஞ்சுதா நிக்குதான்னு திரும்பிப் பாக்க மாட்டேன். வச்சேனான்னுதானே நீங்க கேட்டிய? வச்சேன்."

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். திட்டவில்லை.

"அரளி?" என்றேன்.

"அதும் ரோட்டுக்கு அடியிலதான் மைனி."

"அப்பம் எனக்கு இடம்?"

"எனக்க வீட்டு முத்தத்தில ஒரு மூலை இருக்கு. நான் தரமாட்டேன்னு சொல்லல்ல. ஆனா நானும் போயாச்சுண்ணா இந்தப் பயலுவ அத வித்துட்டு நாகர்கோயில்ல பிளாட் வாங்குவானுவ. உள்ளதச் சொல்லுகேன். பொறவு என்னக் குத்தம் சொல்லப்பிடாது."

இதுவரை எல்லோரும் என்னிடம் மறைத்த பிறகு, உள்ளதைச் சொன்ன முதல் ஆள் அவன். ஆறுதலாகத்தான் இருந்தது என்று சொல்லமாட்டேன். அவர் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் இந்த ஐந்து வருஷமும் இங்கே காலம் தள்ளினேன். இந்த வீட்டின் சூடு அடிக்கும் பெட்டியும், பேசத் துணையில்லாத பகலும், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இங்கிலீஷில் பேசும் பேத்தியும், எதையும் பொறுக்கலாம், கடைசியில் அரளி மூட்டில் போய் இருக்கப் போகிறோம் என்றுதான் இருந்தேன். இனி எங்கே?

7

இரண்டு மூன்று நாள் வீட்டில் ஒருவரும் லீவைப் பற்றிப் பேசவில்லை. மடிக்கணினி மூடியே கிடந்தது. அப்புறம் சுயம்பு என் அறைக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்தான்.

"அம்மா, எல்லாம் கேன்சல் பண்ணிரட்டா? மெக்சிகோவுக்கே போயிரலாம். நீங்களும் வாங்க. அங்கயும் வெயில்தான்."

"அவரு அங்கதான இருக்காரு? எடுத்துட்டா போயிட்டாவ? நான் வாறேன்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் நிறுத்தவில்லை.

"லாட்ஜுல தங்கு. பிள்ளைக்குக் கடலக் காட்டு. படகுல கொண்டு போ. எல்லாம் செய். ஆனா அந்த ரோட்டுல நான் ஏற மாட்டேன். அவருக்க தலைக்கு மேல வண்டிய ஓட்டிட்டுப் போய் நான் கடலு பாக்கணுமா?"

"பழைய ரோட்டுல போனா மூணு மணிக்கூருக்கு மேல ஆகும்மா. நெருக்கடி. நீங்க பிளேன்ல வந்த அலுப்புல…"

"ஆகட்டு. அங்க எனக்கு என்ன ஆபீசா இருக்கு?"

லாட்ஜ்காரருக்குப் போன் போட்டான். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படியே வைத்தான். "பழைய ரோடா? சார், வெளிநாட்டுலேர்ந்து வாற ஒருத்தரும் அத கேட்டதில்லியே. டிரைவரு என்னக் கொல்லுவான்" என்று அவர் சிரித்தார். சுயம்பு சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு. அவர மிதிக்கப்பிடாது" என்றான். லாட்ஜ்காரருக்கு என்ன விளங்கியதோ, சரி சார் என்றார்.

என் மகன் அதை அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக அவனை மன்னித்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு.

விளைக்கும் ஒரு நாள் வைத்தாயிற்று. தாங்கல் வழியாக வாய்க்கால் கரையில் நடந்து போய்க் கிணற்றுப் பக்கம் நிற்பேன். கிணற்றில் நின்று பார்த்தால் செம்மண் மேடு தலைக்கு மேலே இருக்குமாம். மேலே போகும் வண்டியின் சத்தம்தான் கேட்குமாம், வண்டி தெரியாதாம். செல்லத்துரை சொன்னான். அவர் வடக்கே பார்த்து இருக்கிறார். வண்டியெல்லாம் தெற்கே கடல் பார்க்கப் போகின்றன. எனக்கு எங்கே இடம் என்பதை அங்கே நின்றுதான் யோசிக்க வேண்டும். நின்றாலும் விடை கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வந்து சொல்கிறேன் என்று யாருக்கும் வாக்குத் தரவும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மித்ரா வந்தாள். போனை நீட்டினாள். பச்சைக் கொடிகள். லாட்ஜ், படகு, கோயில், திருவட்டாறு.

"ஆச்சி, பாட்டாவுக்கும் வைக்கட்டுமா?"

"வை."

அவளுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. குளம், வாய்க்கால், வெள்ளைக் கூரை என்று அவளே போனாள். கிணற்றுக்கு வடக்கே, சாலையின் நடுவில், கோட்டின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தாள். கொடி நின்றது.

"இது ரோடு ஆச்சி. இங்க யாரும் நிறுத்த முடியாது."

"நிறுத்த வேண்டாம். இருக்கட்டு."

"பேரு போடணும். பேரில்லாம வைக்க விடாது. பாட்டா பேரு என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வரும் கடுதாசியில் எல்லாம் என் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லித்தான் என்னை எழுப்புகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அது ஏதோ ஆபீஸ் பெயர். அவள் அப்பாவிடம் கேள் என்று சொல்ல வாயெடுத்தேன். சுயம்பு வேலைக்குப் போயிருந்தான். லதாவும் இல்லை. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. அவள் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"தங்கப்பழம்" என்றேன்.

"என்ன?"

அவளுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.